விலங்கு எங்கே படுக்கிறது என்று வரைபடத்தில் இருக்கிறதா?

உயிரியல் பூங்காக்களின் அடைப்பிடங்களை அளந்து, வரைந்து, எழுதி வைப்பதுதான் என் தொழில். அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருவர்: சிறுத்தை அடைப்பிடம் ஒன்றை ஆவணப்படுத்தும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டும்போது போட்ட பிளான் பூங்காவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?

பிளான் கிடைத்தது நல்ல விஷயம். அதை நகல் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஆனால் அதை முழுசாக நம்பாதீர்கள். என்ன கட்ட நினைத்தார்கள் என்பதுதான் அதில் இருக்கும். கட்டும்போது பாறை குறுக்கே வந்திருக்கும், கதவை இரண்டடி தள்ளி வைத்திருப்பார்கள். அப்புறம் வந்த யாரோ ஒரு மூலையில் கம்பி வலையைப் பற்றவைத்திருப்பார்கள். பழைய கோட்டைக் கறுப்பிலேயே விட்டுவிட்டு, இப்போது அங்கே இருப்பதைச் சிவப்பில் அதன் மேலேயே வரையுங்கள். சிவப்பு விழும் இடம் ஒவ்வொன்றிலும் 'ஏன் மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். அந்த அடைப்பிடத்தின் சரித்திரம் அந்தப் பதில்களில் இருக்கிறது.

அடுத்தது விலங்கு. ஒரு பெண் சிறுத்தை இருந்த அடைப்பிடத்தை நான் வரைந்திருக்கிறேன். அதன் பிளானில் நடு மையத்தில் அழகான பாறைக்குன்று ஒன்று, அதன் உச்சியில் 'ஓய்விடம்' என்று எழுதிய தட்டையான மேடை. சிறுத்தை அதன் மேல் ஏறிப் படுத்து யாரும் பார்த்ததில்லை. பின்சுவரை ஒட்டி, தண்ணீர் மோட்டாரை மூடுவதற்காக ஒரு கான்கிரீட் பெட்டி கட்டியிருந்தார்கள். அது எந்தப் பிளானிலும் கிடையாது. பகல் முழுக்க அதன் மேல்தான் படுத்திருந்தாள். ஏன் என்று பார்த்தால், முதுகுக்குப் பின்னால் சுவர். வெயில் ஏறியதும் வெளியே நிற்கும் மரத்தின் கிளை நிழல் அங்கே வந்து விழுகிறது. தலையைத் தூக்கினால் தீவன வண்டி வரும் பாதை தெரிகிறது. நடுவில் இருந்த குன்றில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. நாலா பக்கமும் திறந்து கிடந்தது, கல் சுட்டது, இரண்டு பக்கமும் ஆள் கூட்டம். நான் குன்றைச் சின்னதாகவும் பெட்டியைப் பெரிய அளவுகோலிலும் வரைந்தேன். உயரம், அகலம், எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நிழல் என்று எல்லாம் குறித்தேன். பின்னாளில் மோட்டாரை வேறு இடத்துக்கு மாற்றி அந்தப் பெட்டியை இடிக்க வேண்டி வந்தது. அப்போது அந்த வரைபடத்தை வைத்து அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு மரப்பலகை மேடை போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாவதாக, பின்கட்டு. நான் பார்த்த ஆவணங்களில் பார்வையாளர் நிற்கும் பகுதியைப் பக்கம் பக்கமாக வரைந்திருப்பார்கள். பின்னால் ஒரு வெறும் சதுரம் போட்டு 'இரவுக் கூடம்' என்று எழுதி முடித்திருப்பார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பல விலங்குகள் ஒரு நாளில் பாதிக்கு மேல் அந்தச் சதுரத்துக்குள்தான் இருக்கின்றன. எத்தனை அறைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, நகரும் கதவு எந்தப் பக்கம் நகர்கிறது, கதவை இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து கதவின் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறதா, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, வெளிச்சமும் காற்றும் எந்த வழியாக வருகின்றன, சண்டை வந்தால் இரண்டு விலங்குகளைப் பிரித்து வைக்க இடம் உண்டா என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். கதவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதினாலும் தப்பில்லை. அடைப்பிடத்தில் தினமும் வேலை செய்கிற ஒரே எந்திரம் அதுதான். அது சிக்கிக்கொண்டால் அன்றைய வேலை அத்தனையும் நின்றுவிடும்.

புகைப்படக்காரர் ஒருவர்: நல்ல கேமராவும் ட்ரோனும் இருக்கும் காலத்தில் இவ்வளவு அளக்கவும் எழுதவும் வேண்டுமா? படங்கள் போதாதா?

லண்டன் உயிரியல் பூங்காவில் 1934இல் கட்டிய பெங்குயின் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் பெர்த்தோல்ட் லுபெட்கினும் அவருடைய டெக்டான் குழுவும். கட்டமைப்புப் பொறியாளர் ஓவ் அரூப். முட்டை வடிவச் சுற்றுச்சுவருக்குள் தூண் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு கான்கிரீட் சரிவுகள். விலங்குகளுக்காகக் கட்டிய கட்டடங்களில் இவ்வளவு படம் எடுக்கப்பட்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். அது பிரிட்டனில் மிக உயர்ந்த தரத்தில் பாதுகாக்கப்படும் கட்டடம். ஆனால் 2004இல் பெங்குயின்களை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள், திரும்பக் கொண்டுவரவில்லை. சொரசொரப்பான கான்கிரீட் மீது நடந்து நடந்து பாதத்தில் நுண்ணிய சிராய்ப்பு விழுவதும், அதன் வழியே கிருமி புகுந்து புண்ணாவதும் அங்கே பேசப்பட்ட முக்கியமான காரணம்.

அந்தக் குளத்தின் எந்தப் படத்திலும் பெங்குயினின் உள்ளங்கால் தெரியாது. தரையின் சொரசொரப்பு படத்தில் தெரியாது. கூடத்துக்குள் ஏறும் வெக்கை, எதிரொலி, வாடை, தண்ணீரின் குளிர்ச்சி எதுவும் தெரியாது. அதனால் கையால் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். மதியம் தரையின் சூடு எவ்வளவு என்று வெப்பமானி வைத்துப் பார்த்து, நேரத்தோடு குறியுங்கள்.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் விதத்தை மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு படத்திலும் அளவு குறித்த கம்பு ஒன்று தெரிய வேண்டும். ஆள் உயரத்திலிருந்து ஒரு படம், சின்னக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து ஒரு படம். காலி செய்த நேரத்தில் அனுமதி கிடைத்தால், விலங்கின் கண் உயரத்திலிருந்து பார்வையாளர் பக்கமாக ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் வடிவமைப்பாளர்களை உலுக்கும். கண்ணாடிக்கு அப்பால் வரிசையாக நிற்கும் முகங்கள், தலைக்கு மேல் நீளும் கைகள், ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத வெளி, எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிடும். ட்ரோன் மட்டும் வேண்டவே வேண்டாம். பறவைகளும் குரங்குகளும் அதைப் பருந்து என்று நினைத்து மிரண்டு வலையில் மோதும்.

பொறியாளர் ஒருவர்: பழைய அகழியின் சுவர் உயரம் கோப்பில் இருக்கும்போது மறுபடி டேப் பிடித்து அளப்பது வீண் வேலை இல்லையா?

இல்லை. சான்பிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில் 2007 டிசம்பர் 25 அன்று டாட்டியானா என்ற சைபீரியப் பெண் புலி அகழியைத் தாண்டி வெளியே வந்தது. பார்வையாளர் ஒருவரைக் கொன்றது, இருவரைக் காயப்படுத்தியது. காவல்துறை அதைச் சுட்டுக் கொன்றது. சம்பவத்துக்குப் பிறகு பூங்கா நிர்வாகம் முதலில் சுவர் 18 அடி என்று சொன்னது. அளந்து பார்த்தபோது பன்னிரண்டரை அடிதான் இருந்தது. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் அப்போது பரிந்துரைத்த உயரம் 16.4 அடி, அதாவது 5 மீட்டர். அந்த அடைப்பிடம் 1940இல் கட்டியது. அத்தனை வருஷம் அந்தச் சுவரின் உயரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை போலிருக்கிறது.

அளக்கும்போது எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். பார்வையாளர் பக்கத் தரையிலிருந்தா, அகழியின் அடியிலிருந்தா? அடியில் மண்ணும் இலையும் சேர்ந்து மேடாகியிருந்தால் விலங்குக்கு அந்தச் சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். சுவரை ஒட்டி ஒரு மரம் சாய்ந்து வளர்ந்திருந்தாலும் அப்படித்தான். பல இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவை முதலில் எழுதுங்கள். சராசரி உயரத்தால் இங்கே பயன் இல்லை. விலங்கு தாண்டுவது மிகத் தாழ்வான இடத்தில்தான். அளந்த தேதி கட்டாயம் வேண்டும்.

இளம் ஆய்வாளர் ஒருவர்: பராமரிப்பாளர்களிடம் கேட்டால் 'எல்லாம் நல்லா இருக்கு' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எப்படிப் பேச வைப்பது?

நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். மேலதிகாரி பக்கத்தில் நின்றால் அதுவும் சொல்ல மாட்டார்கள். காலையில் அவர் வேலை தொடங்கும்போது போய், அனுமதி உள்ள இடம் வரைக்கும் கூடவே நடங்கள். 'இந்த இடத்தில் குறை என்ன?' என்று கேட்காதீர்கள். 'அண்ணே, இந்தப் பக்கெட்டை ஏன் சுத்திக்கிட்டுப் போறீங்க?' என்று கேளுங்கள். நேர்வழியில் இருக்கும் படி வழுக்கும் என்பார். இல்லையென்றால் அந்தக் கதவைத் திறந்தால் கரடி கத்தும் என்பார். எந்த வடிவமைப்பாளருக்கும் அந்தத் தகவல் வேறு வழியில் கிடைக்காது.

அவர் எங்கே குனிகிறார், எங்கே இரண்டு கையும் தேவைப்படுகிறது, எந்தப் பூட்டுக்கு எண்ணெய் விடுகிறார், எங்கே சாக்கு மாட்டியிருக்கிறார், எதைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். கயிறும் சாக்கும் இருக்கும் இடமெல்லாம் வடிவமைப்பு விட்டுப்போன இடம். அவற்றைப் படம் எடுங்கள். அவர் சம்மதித்தால், சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'பராமரிப்பாளர் கருத்துப்படி வடிகால் திருப்திகரமாக இல்லை' என்று நீங்கள் மாற்றி எழுதும்போது சேதி செத்துவிடுகிறது. அவர் சொன்னது 'மழை பெஞ்சா முழங்கால் தண்ணியில நின்னுதான் கதவ இழுக்கணும்' என்பது. அதை அப்படியே போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

விலங்கியல் மாணவர் ஒருவர்: விலங்கு எந்த இடத்தைப் பயன்படுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதுமா, முறை ஏதாவது உண்டா?

உண்டு. விலங்குகளின் நடத்தையை எப்படிக் கவனித்துப் பதிவது என்று ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரைதான் இன்றும் அடிப்படை. நமக்கு வேண்டியது அதில் ஒரு சின்னப் பகுதி. அடைப்பிடத்தின் வரைபடத்தில் மெல்லிய கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கிப் பாருங்கள். அந்த நொடியில் விலங்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்ன செய்கிறது என்று ஒரு எழுத்தால் குறியுங்கள். கண்ணில் படவில்லை என்றால் அதையும் குறிக்க வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், கூட்டம் உள்ள நாள், இல்லாத நாள், மழை நாள் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். புள்ளிகள் அடர்த்தியாகும் இடமும் வெறுமையாகக் கிடக்கும் இடமும் தானாகத் தெரிய வரும்.

இந்த முறையில் ஆளுடைய ஆசை கலப்பது குறைவு. வெறும் கண்ணால் பார்க்கிறவர், சுவாரசியமாக ஏதாவது நடந்த நேரத்தை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார். விலங்கு வேலி ஓரமாக ஒரே தடத்தில் போய்ப் போய் வருவது யாருக்கும் சுவாரசியம் இல்லை. ஆனால் தரையில் புல் தேய்ந்து பளபளவென்று இருக்கும் அந்தத் தடத்தை நீளம், அகலத்தோடு வரைவது ஆவணத்தின் மிக முக்கியமான வேலைகளில் ஒன்று.

ஜூரிக் பூங்காவை நடத்திய ஹைனி ஹெடிகர் 1940களிலேயே இதைத்தான் வற்புறுத்தினார். அடைப்பிடம் எத்தனை சதுர மீட்டர் என்பதைவிட அதற்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்றார். ஆள் எவ்வளவு கிட்டே வந்தால் விலங்கு விலகி ஓடும் என்கிற தூரத்தை அளந்து பேசியவரும் அவர்தான். நீங்கள் பரப்பளவை எழுதும்போது பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் எழுதுங்கள். பார்வையாளர் நிற்கக்கூடிய இடங்களிலிருந்து அந்த விலங்கு அதிகபட்சம் எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும்? ரொம்பப் பெரிய அடைப்பிடம் என்று பேர் வாங்கியவற்றிலும் சுற்றிலும் பார்வை மேடை இருந்தால் இந்த எண் சின்னதாகத்தான் வரும்.

தோட்டக்கலைப் பணியாளர் ஒருவர்: செடிகளையும் பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம். நட்டபோது என்ன, இப்போது உயிரோடு இருப்பது என்ன, எதைத் தின்றது, எதைப் பிடுங்கிப் போட்டது, எதைத் தொடவே இல்லை என்று எழுதுங்கள். சியாட்டிலில் உள்ள உட்லாண்ட் பார்க்கில் 1970களின் இறுதியில் கொரில்லாக்களுக்குச் செடி, மரம், புல்லோடு காடு மாதிரியே ஓர் இடம் அமைத்தார்கள். கொரில்லாக்கள் எல்லாவற்றையும் நாசம் செய்துவிடும் என்ற பயம் அப்போது பலருக்கு இருந்தது. அந்த இடம் நிலைத்து நின்றதால்தான், பார்வையாளரையும் விலங்கையும் ஒரே நிலக்காட்சிக்குள் வைக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியது. எந்தச் செடி தாக்குப்பிடிக்கும் என்ற பட்டியல் அடுத்த பூங்காவுக்குப் பெரிய சொத்து. செத்த செடியின் பெயரையும் அடிக்காமல் விட்டு வையுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்: கம்பி போட்ட பழைய கூண்டுகளை இடிக்கிறார்கள். அவமானச் சின்னம், போகட்டும் என்கிறார்கள். அவற்றையும் ஆவணப்படுத்த வேண்டுமா?

இடிக்கட்டும். அதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கம்பி இல்லாத பூங்காவைத் திறந்தார். விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் அகழிதான். பின்னால் சிமெண்டில் செய்த மலைகள். விலங்கு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்து அதன்படி அகழியை அமைத்தார். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று இன்றைக்கு ஒருவருக்குப் புரிய வேண்டுமென்றால், அதற்கு முந்தைய கூண்டின் அளவு கையில் இருக்க வேண்டும். 'சின்னக் கூண்டு' என்று சொன்னால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு அளவு வரும். நீளம் இவ்வளவு, அதில் இந்த விலங்கு இத்தனை வருஷம் இருந்தது என்று எழுதினால் யாரும் மழுப்ப முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டுமானங்களுக்கு இரண்டாவது வாழ்க்கை வரும். லண்டன் பூங்காவில் 1965இல் திறந்த ஸ்னோடன் பறவைக்கூடம் 2022இல் கொலோபஸ் குரங்குகளின் இருப்பிடமாக மாறியது. பறவைக்குப் போட்ட வலை குரங்குக்குத் தாங்காது, மாற்றத்தான் வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் பழைய எஃகுச் சட்டத்தின் வரைபடமும் கணக்கும் கையில் இருக்கும் பூங்காவுக்கு வேலை பாதி குறையும்.

பூங்கா ஊழியர் ஒருவர்: எல்லாவற்றையும் வெளியிட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். ஆவணத்தை இரண்டாகப் பிரியுங்கள். பூட்டு வகை, சாவி வைக்கும் இடம், மின்வேலியின் இணைப்பு, விலங்கு தப்பினால் எடுக்கும் நடவடிக்கை ஆகியவை பூங்காவுக்குள்ளேயே இருக்கட்டும். கடத்தல்காரர் தேடும் ஆமை, பாம்பு, கிளி போன்றவற்றின் இரவுக் கூடம் எங்கே என்பதும் அப்படியே. மற்றதை வெளியிடுங்கள். 'பாதுகாப்பு' என்று சொல்லி வழுக்கும் படியையும் சுடும் தரையையும் சேர்த்து மறைக்க மட்டும் விடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: எங்கள் பிள்ளைகளுக்குப் பின்கட்டுக்குள் அனுமதி கிடைக்காது. வெளியிலிருந்தே செய்ய ஏதாவது உண்டா?

நிறைய உண்டு டீச்சர். ஒரே ஓர் அடைப்பிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை நாலு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விலங்கு இருக்கும் கட்டத்தைக் குறிக்கட்டும். இன்னொரு குழு நிழல் எங்கே விழுகிறது என்று காலையிலும் மதியத்திலும் வரையட்டும். மூன்றாவது குழு விலங்குக்கு முதுகைக் காட்டி நின்று மனிதர்களைக் கவனிக்கட்டும். ஒவ்வொருவரும் எத்தனை நொடி நிற்கிறார்கள், அறிவிப்புப் பலகையை எத்தனை பேர் படிக்கிறார்கள், கண்ணாடியை யார் தட்டுகிறார்கள் என்று எழுதட்டும். நாலாவது குழு பலகையில் உள்ளதை முழுசாக நகலெடுத்து, அதில் சொல்லியிருக்கும் 'மரம் ஏறும்', 'நீந்தும்', 'தோண்டும்' போன்ற ஒவ்வொரு செயலையும் செய்ய உள்ளே இடம் இருக்கிறதா என்று தேடட்டும்.

நாலு தாளையும் ஒன்றாகச் சேர்த்து, தேதி, நேரம், அன்றைய வானிலை எழுதி, ஒரு பிரதியைப் பூங்கா அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த வருஷம் அடுத்த வகுப்பை அதே அடைப்பிடத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வேறு விலங்கு பார்க்கணும் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். வேலை முடிந்த பிறகு காட்டுங்கள்.